கத்துவது மோட்டார் இல்லை, கதவு

அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழர்கள் நாலு பேர் ஒரு வார இறுதி விருந்தில் கூடினால், சொத்து வரி, புல்வெளி எல்லாம் பேசி முடித்த பிறகு கராஜ் கதவுக்கு வந்தே தீருவார்கள். "காலைல அஞ்சு மணிக்கு இவர் கிளம்பினா வீடே அதிருதுங்க" என்று ஒரு அம்மணி ஆரம்பிப்பார். உடனே எதிர் சோபாவிலிருந்து தீர்ப்பு வரும். "செயின் மாடலா? அதைக் கழட்டிப் போட்டுட்டு பெல்ட் மாடல் வாங்கிடுங்க. சத்தமே இருக்காது." கதவை யாரும் போய்ப் பார்க்கவில்லை, எந்த இடத்தில் சத்தம் என்று கேட்கவில்லை. அதற்குள் தீர்ப்பு! அடுத்த வாரம் சில நூறு டாலர் செலவில் புது மோட்டார் கூரையில் தொங்கும். அதற்கு அடுத்த வாரமும் குழந்தை அஞ்சு மணிக்கு எழுந்து அழும்.

ஊரில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் கப்பிக்குத்தான் எண்ணெய் விடுவார்கள். யாரும் போய்ப் புதுக் கயிறு வாங்கி வர மாட்டார்கள். செயினை எடுத்துவிட்டு பெல்ட் போடுவது கயிறு மாற்றுகிற வேலை. தலைமுறை தலைமுறையாகக் கப்பிக்கு எண்ணெய் விட்ட பரம்பரை, கடல் தாண்டியதும் எப்படி இதை மறந்தது என்பது தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயம் :-)

கதவு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும். இரண்டு கார் நிற்கிற கராஜுக்கு வழக்கமான கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். கிடைமட்டமான நாலு பலகைகள், கீல்களால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். இரும்புத் தகடும் நடுவில் வெப்பக் காப்பும் உள்ள கதவென்றால் எடை 150 பவுண்டுக்கு மேலேயும் போகும். அரை குதிரைத் திறன் மோட்டார்தான் இதைத் தூக்குகிறது என்று நினைத்தால் அது தப்பு. தூக்குவது கதவுக்கு மேலே சுவரோரமாக முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். கதவு இறங்கும்போது அது முறுக்கேறுகிறது, ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்குகிறது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் அவ்வளவு பெரிய கதவை ஒரு கையால் தூக்கலாம். மோட்டார் செய்வதெல்லாம் கொஞ்சம் தள்ளுவது, கொஞ்சம் இழுப்பது, அவ்வளவே.

கதவு முதலில் வந்தது, மோட்டார் பிறகுதான் வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். சி.ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் திறக்கும் கதவை 1921-இல் செய்தார். மின்சாரத்தில் திறக்கும் கருவியை 1926-இல் செய்தார். நடுவில் ஐந்து வருடம் அந்தக் கதவை மனிதர்கள் கையால்தான் தூக்கினார்கள்.

ஆக, சத்தம் எங்கிருந்து வருகிறது? கதவின் இரண்டு ஓரங்களிலும் சேர்த்து வழக்கமாகப் பத்து ரோலர்கள் இருக்கும். வீடு கட்டுகிற நிறுவனம் விலை மலிந்த இரும்பு ரோலர்களைத்தான் பெரும்பாலும் போட்டுக் கொடுக்கும். இரும்பு ரோலர், இரும்பு டிராக், நடுவில் தேய்ந்து ஆடுகிற பேரிங். தகரக் கூரையில் குழாயை உருட்டினால் எப்படியோ அப்படி. அதுதான் அந்தக் 'கடகடகட'. பலகைகள் வளைவில் மடங்கும்போது வருகிற 'கிறீச்' கீல்களுடையது. ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும்போது ஒரு முனகல் வரும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் கதவு அதிர்கிறது, அதிர்ந்து அதிர்ந்து நட்டுகள் தளர்கின்றன, தளர்ந்த நட்டு இன்னும் அதிர்கிறது. ஐந்தாறு வருடம் யாரும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவில்லை என்றால் ஒவ்வொரு பிராக்கெட்டும் ஒரு ஜால்ராதான். கடைசியில் தரையில் வந்து 'டம்' என்று இடித்தால், கதவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்கிற அளவு தப்பாக வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் எதை பெல்ட் தீர்க்கும்?

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். கதவு முழுதாக மூடியிருக்கும்போது (திறந்திருக்கும்போது கூடவே கூடாது, ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு அப்படியே விழும்) தண்டவாளத்தில் தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகும். இப்போது கதவைக் கையால் மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். கேட்கிற சத்தம் முழுக்கக் கதவின் சொந்தச் சத்தம். பிறகு கதவை மூடிவிட்டு, அதோடு இணைக்காமலே மோட்டாரை மட்டும் ஓட விட வேண்டும். கேட்பது முழுக்க மோட்டாரின் சத்தம். எது காதைக் கிழிக்கிறதோ அதைச் சரி செய்தால் போதும். இவ்வளவு எளிய பரீட்சையைச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் டாலரை எடுத்து நீட்டுகிறவர்கள்தான், ஊருக்குப் போன் பண்ணும்போது நிமிடத்துக்கு இவ்வளவு சென்ட் என்று கணக்குப் பார்த்து கார்டு வாங்கிய அதே ஆட்கள்.

கதவைச் சரி செய்ய ஆகும் செலவு சொற்பம். பேரிங் மூடிய நைலான் ரோலர்கள் பத்தும் சேர்ந்து சில பத்து டாலர்தான். நட்டுகளை இறுக்கக் காசே வேண்டாம். கீல்களுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு சிலிகான் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ். ஒரு சனிக்கிழமை காலை போதும். கீல்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், மேலே போகப் போக ரோலர் கதவிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கான எண் அது. கழற்றினால் அதே வரிசையில் மாட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் மாற்றி மாட்டிவிட்டு, "நைலான் போட்டும் சத்தம் போகலை" என்று சொல்கிறவர்களும் உண்டு.

இந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமான அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. டபிள்யூ.டி-40. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'நீரை விலக்குவது, 40-ஆவது முயற்சி' என்பதன் சுருக்கம் அது. 1953-இல் சான் டியேகோவில் ஒரு சின்ன ரசாயன நிறுவனம் அட்லஸ் ராக்கெட்டின் உடல் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த திரவம். ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும், பழைய அழுக்கைக் கரைக்கும். அதற்கெல்லாம் அருமையான சரக்கு. ஆனால் நாளுக்கு நாலு தடவை 150 பவுண்டு கதவைச் சுமக்கிற கீலில் நிலைத்து நிற்க அதற்குக் கனம் போதாது. அடித்த அன்று சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் இருந்த பழைய கிரீஸும் கரைந்து ஓடி, முன்னைவிட மோசமாகக் கத்தும். அடுத்த கொடுமை, டிராக்குக்குள் கிரீஸைக் கொட்டுவது. டிராக் என்பது ரோலர் உருள வேண்டிய பாதை. அதில் கிரீஸ் தடவினால் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு சேறாகும், உருள வேண்டிய ரோலர் இழுபடும். டிராக்கைத் துணியால் துடைத்தால் போதும். இது மோட்டாரோடு வருகிற கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் கையேட்டைப் படிப்பது ஆண்மைக்கு இழுக்கு என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறது போலும்.

மோட்டார் பக்கம் தப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. செயின் தொய்ந்து போய்த் தண்டவாளத்தில் அடித்துக்கொண்டே ஓடினால் சத்தம் வரத்தான் செய்யும். பல மாடல்களில் நடுப்பகுதியில் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை இடைவெளி இருக்கும்படி இறுக்கச் சொல்கிறார்கள். அதற்காக வீணைத் தந்தி மாதிரி முறுக்கினால் பல்சக்கரம் தேயும், சத்தமும் கூடும். பல செயின் மாடல்களுக்குள் ஒரு நைலான் பல்சக்கரம் உண்டு. அது தேய்ந்தால் உள்ளே வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கும், 'கரகர' என்று அரைக்கும். அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும். அது ஏன் தேய்ந்தது என்று கேட்டால் பதில் பல தடவை கதவில்தான் போய் முடியும். ஸ்பிரிங் தளர்ந்து, எடை முழுவதும் மோட்டார் தலையில் விழுந்திருக்கும்.

பெல்ட் மாடல் அமைதியானது என்பதும் உண்மைதான். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நிற்கும்போது குறைக்கிற நேர்மின் மோட்டார்களும் உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். கூரையில் தொங்காமல் ஸ்பிரிங் தண்டின் ஓரத்தில் சுவரில் மாட்டுகிற மாடலைப் போல அமைதியானது வேறு இல்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், அந்தச் சுவர் மாடல் கதவைக் கீழே தள்ளுவதே இல்லை. கேபிளைச் சுருளிலிருந்து விடுகிறது, கதவு தன் எடையில் இறங்குகிறது. வழியில் ரோலர் சிக்கிக்கொண்டால் கேபிள் தொய்ந்துவிடும், வேலை நின்றுவிடும். அதாவது உள்ளதிலேயே விலை கூடிய, அமைதியான மாடல்தான் கதவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அதிகமாக அடம் பிடிக்கிறது! கதவைப் பார்க்காமல் தப்பிக்க எந்த மாடலிலும் வழி இல்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அது வீட்டுக்காரர் மேல் பழி போட முடியாத பக்கம். கராஜுக்கு நேர் மேலே படுக்கையறை வைத்துக் கட்டுகிற வீடுகள். நிலம் மிச்சம், சதுர அடி கூடுதல், கட்டுகிறவருக்கு லாபம். மோட்டாரைக் கராஜ் கூரையின் மர உத்தரத்தில் துளையிட்ட இரும்புப் பட்டைகளால் முடுக்கித் தொங்க விடுவார்கள். அந்த உத்தரம்தான் மேலே படுக்கையறையின் தரை. வீணையில் தந்தி அதிர்ந்தால் சத்தம் வருவது தந்தியிலிருந்து மட்டுமா? குடத்திலிருந்துதானே! இங்கே மோட்டார் தந்தி, படுக்கையறை குடம். அந்தக் குடத்துக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் விருந்தினர் அறை அது. தமிழ் வீடுகளில் விருந்தினர் என்றால் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிற அப்பா அம்மா. நேர வித்தியாசத்தில் தூக்கம் வராமல் புரண்டு, விடியற்காலையில் கண் அசருகிற நேரத்தில் கீழே கதவு திறக்கும். "எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லப்பா, நீ ஆபீஸ் கிளம்பு" என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்?

கட்டடச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். அமெரிக்காவின் பல பகுதிகள் பின்பற்றுகிற மாதிரிச் சட்டத்தின்படி, கராஜுக்கு மேலே ஆள் வசிக்கிற அறை இருந்தால் நடுவில் 5/8 அங்குல 'டைப் எக்ஸ்' தீத்தடுப்பு ஜிப்சம் பலகை வேண்டும். நல்லது, தீ மேலே பரவக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரும் தளமும் எஸ்.டி.சி. 50 என்கிற ஒலித்தடுப்பு அளவை எட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காதுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சொந்த வீட்டுக்குள், சொந்தக் கராஜுக்கு மேலே தூங்குகிறவர் காதுக்கு எதுவும் கிடையாது. கட்டுகிறவர் மோட்டாருக்கும் உத்தரத்துக்கும் நடுவில் நாலு ரப்பர் துண்டு வைத்திருந்தாலே பாதி அதிர்வு மேலே ஏறியிருக்காது. மாதிரி வீட்டில் கிரானைட் மேடையைத் தடவித் தடவிக் காட்டுகிறவர்கள், கராஜ் கதவை ஒரு தடவை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்காரர் தானே ரப்பர் வைக்கலாம். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பரை வைத்துவிட்டு, இரும்பு போல்ட்டை அதன் வழியாக நேராக முடுக்கினால், போல்ட் தலை பட்டையைத் தொடும், போல்ட்டின் உடல் மரத்துக்குள் இருக்கும். அதிர்வு ரப்பரைச் சட்டை செய்யாமல் போல்ட் வழியாக மேலே போய்விடும். போல்ட் தலைக்குக் கீழேயும் ரப்பர் வாஷர் வேண்டும், துளைக்குள்ளும் போல்ட் இரும்பைத் தொடக் கூடாது. கடையில் ரெடிமேடாக விற்கிற நல்ல அதிர்வுத் தடுப்பான்களில் இதைச் செய்தே வைத்திருப்பார்கள். நசுங்குகிற அளவுக்கு முடுக்கினால் அதுவும் வீண்.

இதுவரை பேசியது தூக்கமும் காசும். இனி பேச வேண்டியது உயிர்.

கதவு சிக்கிச் சிக்கி இறங்குகிறது, பாதியில் தடங்கல் என்று நினைத்து மோட்டார் மேலே திரும்பிப் போகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஏணி போட்டு ஏறி, பழைய மாடல்களின் முதுகில் இருக்கிற விசைத் திருகைக் கூட்டி வைக்கிறார். இப்போது கதவு முனகிக்கொண்டே இறங்கிவிடுகிறது. "சரி பண்ணிட்டேன்!" சரி பண்ணியது எதை? தடங்கல் வந்தால் திரும்பு என்று மோட்டாருக்கு இருந்த புத்தியை. அந்தத் தடங்கல் நாளைக்கு ரோலராக இல்லாமல் ஒரு குழந்தையாக இருந்தால், அந்த மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது.

இது பயமுறுத்தல் இல்லை, நடந்த கதை. 1980-களில் தானியங்கிக் கதவுகளின் கீழே சிக்கி அமெரிக்காவில் டஜன் கணக்கில் குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1990-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓப்பனர்களுக்குச் சிக்குதல் தடுப்பு கட்டாயமானது. கதவின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்கிற அந்தக் குட்டிக் கண்கள் அப்படி வந்தவைதான். அதற்கு முன்னால் வந்த மோட்டார் இன்னும் ஏதாவது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்கு மட்டும் சோபாத் தீர்ப்பு சரியானது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டும், சத்தத்துக்காக அல்ல. (கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் விற்கிற ஓப்பனர்களில் பேட்டரி கட்டாயம். 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிக்கியவர்கள் இறந்த பிறகு வந்த சட்டம் அது. பிணம் விழுந்தால்தான் பேனா எடுப்பார்கள்.)

ஆகவே சத்தத்தை அடக்குகிற வேலையில் முதல் படி எண்ணெய் டப்பா இல்லை. கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கையால் பாதி உயரம், சுமார் மூன்றரை அடிக்குத் தூக்கி, கையைக் கதவுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு பிடியை விட வேண்டும். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நலம். சரசரவென்று கீழே வந்தாலோ, மேலே பறந்தாலோ கதவின் எடையும் ஸ்பிரிங்கின் முறுக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்தது, மோட்டாரை மறுபடி இணைத்து, ஒன்றரை அங்குல உயரம் வருகிற மாதிரி டூ-பை-ஃபோர் கட்டையைத் தரையில் படுக்கப் போட்டு, கதவை அதன் மேல் இறக்க வேண்டும். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். போகவில்லை என்றால் அந்த மோட்டாரைச் சரி செய்கிற வரை பயன்படுத்தக் கூடாது. மாதம் ஒரு தடவை செய்ய வேண்டிய பரீட்சை இது. வாஷிங்டன் தபால் தலையிலிருந்து வானியல் வரை எல்லாவற்றிலும் கருத்து வைத்திருக்கிற சோபா நிபுணர்களில் எத்தனை பேர் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள்?

முறுக்கு ஸ்பிரிங்கின் ஆயுள் வழக்கமாக 10,000 சுற்று என்று கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள். ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்தது ஒரு சுற்று. நாளுக்கு நாலு சுற்று என்றால் ஏழு வருடம்கூட நிறையாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக இறக்கி ஏற்றுகிற வீடென்றால் இன்னும் சீக்கிரம். அது உடைகிற சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருக்கும். அதற்கு முன் பல மாதமாகக் கதவு கனத்துப்போய் மோட்டார் முக்கி முனகியிருந்தால், அந்த முனகலை பெல்ட் போட்டு மூடியவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதைத் தானே முறுக்கப் போகாமல் தொழில் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். அதில் தேங்கியிருக்கிற விசை கையை உடைக்கும், அதற்கு மேலும் செய்யும். ரோலர் மாற்றுகிறபோதும் அப்படித்தான். மேலே உள்ள எட்டையும் வீட்டிலேயே மாற்றலாம். கதவின் அடியில் இரண்டு மூலைகளிலும் இருக்கிற பிராக்கெட்டுகளில் கேபிள் கட்டியிருக்கும், ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த இரண்டு போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனரை வைக்கவே கூடாது. ஸ்பிரிங் வேலைக்கு வருகிறவரிடமே கடைசி இரண்டு ரோலரையும் கையில் கொடுத்தால் மாட்டிவிட்டுப் போவார்.